இஞ்சம்பாக்கத்தில் வாங்கிய அமெரிக்க நாற்காலி: ஒன்பது மாதம் உட்கார்ந்து பார்த்த பிறகு

அப்பாவுக்கு ஒரு தேக்குச் சாய்வு நாற்காலி வாங்கலாம் என்றுதான் போன ஏப்ரலில் இ.சி.ஆர். பக்கம் கிளம்பினேன். இஞ்சம்பாக்கத்தில் பழைய மரச்சாமான் விற்கும் ஒரு கடை. பெயர் போடவில்லை, ஏனென்றால் கீழே இரண்டு குறை சொல்லப் போகிறேன், அந்தக் குறைகள் இந்தத் தொழிலில் பல இடங்களில் இருப்பவைதான், ஒருவரை மட்டும் பிடித்துச் சொல்வது நியாயமில்லை. முன்பக்கம் வழக்கமான சரக்கு: செட்டிநாட்டுத் தூண், ஈட்டி மேசை, பெல்ஜியம் கண்ணாடி, ஊஞ்சல் பலகை. பின்னால் தகரக் கொட்டகையில், ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்துப் போட்ட ஏழெட்டு நாற்காலிகள். அதில் ஒன்றின் கால் மட்டும் என் கண்ணில் பட்டது. மூங்கில் கணு மாதிரி நடுநடுவே கோடு போட்டுக் கடைந்த, வெளிப்பக்கமாக விரிந்து நிற்கும் கால். அப்புறம் சாய்வு நாற்காலி மறந்தே போய்விட்டது.

அதில் தொங்கிய அட்டையில் "பர்மா தேக்கு, பிரிட்டிஷ் காலம்" என்று எழுதியிருந்தது. ஒரு கையால் தூக்கினேன், மூன்றரை நான்கு கிலோதான் இருக்கும். தேக்கும் இல்லை, பிரிட்டிஷும் இல்லை. கடைப் பையனைக் கேட்டால், "பாலவாக்கத்துல ஒரு வீடு காலி பண்ணாங்க மேடம், அமெரிக்காவுல முப்பது வருஷம் இருந்துட்டு வந்தவங்க, கன்டெய்னர்ல கொண்டுவந்த சாமான்" என்றான். அங்கேயே விஷயம் புரிந்துவிட்டது. அது விண்ட்சர் நாற்காலி. இந்த வகை பிறந்தது இங்கிலாந்தில், ஆனால் 1740-களில் இருந்து ஃபிலடெல்ஃபியாவில் செய்ய ஆரம்பித்து அமெரிக்கர்கள் அதைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

நான் ஃபிலடெல்ஃபியா பக்கம் நான்கு வருடம் வேலை பார்த்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட சுதந்திர மண்டபத்துக்குக் கூட்டிப்போவது வழக்கம், அப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை அங்கே உறுப்பினர்கள் கூடிய அறையைப் பார்த்திருக்கிறேன். உறுப்பினர்களின் மேசைகளுக்குப் பின்னால் வரிசையாக விண்ட்சர் நாற்காலிகள்தான் போட்டிருப்பார்கள். தலைவருக்கு மட்டும் மேடையில் ஒரு உயரமான மஹோகனி நாற்காலி, ஜான் ஃபால்வெல் என்பவர் 1779-ல் செய்தது, முதுகின் உச்சியில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கும். 1787-ல் அரசியல் சட்டம் எழுதியபோது வாஷிங்டன் உட்கார்ந்தது அதில். எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். எனக்கு அந்தச் சாதாரண நாற்காலிகள் மேல்தான் கண். பிறகு டெலவேரில் விண்டர்தர் அருங்காட்சியகம் போய், ஒரே சாமானை ஊருக்கு ஊர் எப்படி மாற்றிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு இந்தப் பைத்தியம் முழுசாகப் பிடித்துக்கொண்டது.

சரி, நாற்காலிக்கு வருகிறேன். நம் ஊரில் மரச்சாமான் வாங்கப் போனால் முதலில் தூக்கிப் பார்ப்போம். கனமாக இருந்தால் நல்ல சாமான், வைரம் பாய்ந்த மரம். லேசாக இருந்தால் பெட்டி மரம் என்று தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவோம். இந்த நாற்காலியை அந்தக் கணக்கில் பார்த்தால் ஏமாந்துபோவோம். இதில் ஒரே மரம் கிடையாது. உட்காரும் பலகை மட்டும் கெட்டியாக, பைன் மாதிரி மெதுவான மரத்தில் இருக்கும், அப்போதுதான் உளியால் குடைந்து தொடைக்கும் பின்புறத்துக்கும் தோதாகப் பள்ளம் எடுக்க முடியும். நியூ இங்கிலாந்து பக்கம் பைன், ஃபிலடெல்ஃபியா பக்கம் பெரும்பாலும் டியூலிப் பாப்லர். கால்கள் மேப்பிள், கடைசலில் பிசிறு வராமல் கூர்மையாக நிற்கும் மரம். முதுகுக் குச்சிகள் ஹிக்கரி அல்லது ஆஷ். அதை ரம்பத்தால் அறுக்கவே மாட்டார்கள், விறகு பிளப்பதுபோலப் பிளந்து, ரேகை போகிற வழியிலேயே கத்தியால் இழுத்துச் சீவுவார்கள். ரேகை எங்கேயும் அறுபடாததால் குச்சி சுண்டுவிரல் கனம்தான் இருந்தாலும் வளையும், ஒடியாது. ஒவ்வொரு மரத்துக்கும் அதற்குத் தெரிந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மரம் மூன்று நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும், வெயிலிலும் மழையிலும் தோட்டத்தில் போடவும் வேண்டும், அதனால் மொத்தமாகச் சாயம் பூசிவிடுவார்கள். ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் பச்சை, செம்புக் களிம்பிலிருந்து எடுத்த நிறத்தை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது.

நம் வீட்டு நாற்காலியில் பின்னங்காலே மேலே நீண்டு முதுகாகிவிடும். இதில் அப்படி இல்லை. பலகைதான் நடுநாயகம். கீழேயிருந்து நான்கு கால்கள் வந்து அதில் குத்தும், மேலேயிருந்து குச்சிகள் வந்து இறங்கும், காலுக்கும் முதுகுக்கும் நேரடி உறவே கிடையாது. எல்லாம் கோணத்தில் நிற்பதால் ஒருவர் உட்கார உட்கார மூட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும்.

கொட்டகையிலேயே கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். பையில் எப்போதும் ஒரு வெர்னியர் காலிப்பர் இருக்கும். காலை ஒரு பக்கம் அளந்தால் 34 மில்லிமீட்டர், கால்வட்டம் திருப்பி அளந்தால் 33. மரம் காயும்போது வளையத்தின் போக்கில் அதிகமாகவும் மையத்தை நோக்கிய திசையில் குறைவாகவும் சுருங்கும், அதனால் ஓரளவு ஈரத்தில் உருண்டையாகக் கடைந்த கால் காலப்போக்கில் கொஞ்சம் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். நன்றாக உலர்த்திய மரத்தில் நேற்று கடைந்ததில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் வராது. பலகையின் அடியில் விரலை ஓட்டினால் அலை அலையாக மேடு பள்ளம், கையால் தள்ளிய இழைப்புளியின் தடம். வட்ட ரம்பத்தின் வளைவுக் கீறல் ஒன்றுகூட இல்லை. முன் குறுக்குச் சட்டத்தின் நடுவில் குதிகால் பட்டுப் பட்டுச் சாயம் போய், மரமே தேய்ந்து வழவழவென்று ஒரு சரிவு. எந்தப் பக்கம் தேய வேண்டுமோ அந்தப் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது, போலி செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள், சுற்றிச் சுற்றி ஒரே மாதிரி தேய்த்து வைப்பார்கள். மூங்கில் கணுக் கடைசல், நாலு பக்கமும் பெட்டி போல் ஓடும் குறுக்குச் சட்டங்கள், மேலே வளைவு இல்லாமல் நேராகக் கிடக்கும் சட்டம், இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் 1800-க்குப் பிந்தைய முதல் முப்பது வருடத்துச் சரக்கு என்பது என் கணிப்பு. இதற்கு முந்தைய தலைமுறைக் கால்கள் குடமும் வளையமுமாக நம் கோயில் குத்துவிளக்குத் தண்டு மாதிரி இருக்கும், குறுக்குச் சட்டமும் எச் எழுத்து வடிவத்தில் ஓடும்.

கடைக்காரர் அதற்குள் வந்துவிட்டார். "அதை விடுங்க மேடம், உள்ள வாங்க, ஒரிஜினல் சிப்பண்டேல் காட்டுறேன்" என்று ஒரு மஹோகனி நாற்காலி பக்கம் கூட்டிப்போனார். முன்னங்காலின் நுனியில் உருண்டையைப் பற்றிய பறவை நகம். விலை ஒரு லட்சத்து இருபதாயிரம். சிப்பண்டேல் என்பது பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய பாணி, அமெரிக்காவிலும் ஊருக்கு ஊர் செய்தார்கள். இந்த வகையில் எந்த ஊரில் செய்தது என்று கண்டுபிடிப்பது ஒரு தனிச் சுகம். ஃபிலடெல்ஃபியாவில் செய்தது என்றால் பக்கச் சட்டத்தின் கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் நுனி, பின்னங்காலைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்க்கும், பின்னால் போய் நின்றாலே தெரியும். பாஸ்டன், அதன் பக்கத்து அமெரிக்கச் சேலம், அந்தப் பக்கம் கால்கள் மெலிவாக இருக்கும், கால்களுக்கிடையே குறுக்குச் சட்டம் போட்டிருப்பார்கள், பக்க நகங்கள் பின்னால் இழுத்துவிட்டதுபோல் சாய்ந்திருக்கும். நியூயார்க் நகம் சதுரமாக, பெட்டி மாதிரி, ஆள் கொஞ்சம் கனம். நியூபோர்ட்டின் சிறந்த வேலைகளில் நகத்துக்கும் உருண்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்படி குடைந்திருப்பார்கள். கனெக்டிகட் என்றால் மஹோகனிக்குப் பதில் பெரும்பாலும் செர்ரி மரம். அங்கே எலிஃபலெட் சாப்பின் என்று ஒருவர், ஃபிலடெல்ஃபியாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், செர்ரி நாற்காலியிலும் கழுந்தைப் பின்னங்காலுக்கு வெளியே விட்டார். கை பழகிய ஊர் வேலையில் தெரிந்துவிடுகிறது, நம்மூர் மதுரைக்காரர் சென்னைக்கு வந்து முப்பது வருடம் ஆனாலும் பேச்சில் தெரிவதுபோல.

இந்த ஒன்றரை அடி வர்ணனைக்கும் கடைக்காரர் காட்டிய நாற்காலிக்கும் சம்பந்தமே இல்லை. கவிழ்த்தால் மூலைக் கட்டைகளில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ. அது 1930-களில் வந்த சமாச்சாரம். மூலைக் கட்டைக்கு எப்போது வேண்டுமானாலும் புது ஸ்க்ரூ போட்டிருக்கலாம் என்று வாதத்துக்கு விட்டாலும், எல்லா மூட்டும் இயந்திரம் வெட்டியது, இரண்டு முன்னங்காலின் நகமும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றே. நல்ல நகல்தான், சாப்பாட்டு மேசைக்குப் போட்டால் இருபது வருடம் உழைக்கும், ஆனால் அந்த விலைக்கு இல்லை.

இப்போது முதல் குறை. கொட்டகையில் இருந்தவற்றில் மூன்று நாற்காலிகள் ஹிட்ச்காக் பாணி. கனெக்டிகட்டில் லாம்பர்ட் ஹிட்ச்காக் என்பவர் 1820-களில் தொழிற்சாலை போட்டுச் செய்தவை, அந்த ஊருக்கே அவர் பெயர்தான் இருந்தது, இப்போது ரிவர்டன். கறுப்புச் சாயத்தின் மேல் அச்சுத்தாள் வைத்து, வெண்கலப் பொடியைத் தட்டித் தட்டிப் பழமும் இலையும் வரைந்திருப்பார்கள். அந்த நாற்காலியின் மதிப்பே அந்தப் பூச்சுதான், உள்ளே இருப்பது சாதாரண மரம். மூன்றையும் காஸ்டிக் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, தேக்கு நிற மெலமைன் பாலிஷ் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். முதுகுச் சட்டமும் தூணும் சேருகிற இடுக்கில் மட்டும் உப்புத்தாள் போகாமல் ஒரு நெல்மணி அளவுக்குத் தங்கத்துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கைபேசி வெளிச்சத்தில் அதைப் பார்த்தபோது வயிறு என்னவோ செய்தது. இருநூறு வருடமாகக் கடல் தாண்டியும் தப்பித்து வந்தது, இங்கே ஒரே மத்தியானத்தில் போயிருக்கிறது. விண்ட்சர் தப்பியதற்குக் காரணம் அது அடியில் கிடந்ததுதான், அடுத்த வாரம் அதையும் உரிக்க இருந்தார்களாம். இரண்டாவது குறை அந்த "பர்மா தேக்கு" அட்டை. தெரியவில்லை என்றால் "மரம் தெரியவில்லை" என்று எழுதலாமே, வாங்குகிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இருபத்தெட்டாயிரத்தில் ஆரம்பித்துப் பதினெட்டாயிரத்து ஐந்நூறில் முடிந்தது. பேரம் பேசும்போது கடைக்காரர் மரியாதையாகவே பேசினார், நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார், பாலிஷ் விஷயத்தில் முகம் வாடியதையும் பார்த்தேன். "பளபளன்னு இருந்தாத்தான் மேடம் வாங்குறாங்க" என்றார். அவர் நிலைமையும் புரிகிறது. டெலிவரி மறுநாளே டாடா ஏஸில் திருவான்மியூர் வந்து சேர்ந்தது, கூலி எண்ணூறு. நைலான் கயிற்றை நேராக முதுகுச் சட்டத்தின் மேல் போட்டு இறுக்கியதில் ஒரு அங்குலத்துக்குச் சாயம் உரிந்துவிட்டது. போன் செய்து சொன்னேன், வாதாடாமல் ஆயிரம் ரூபாய் திருப்பி அனுப்பினார். நீங்கள் வாங்கினால் பழைய போர்வை ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

மே மாதம் நான் ஒரு தப்பு செய்தேன். அப்பா அறையில் ஏசி ஓடும், அதற்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டேன். கடலோரக் கொட்டகையின் ஈரத்தில் ஊறிக் கிடந்த மரம் மூன்றே வாரத்தில் காய்ந்து, பின்பக்கக் குறுக்குச் சட்டம் ஒன்று கழன்று ஆட ஆரம்பித்துவிட்டது. வில்லிவாக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் தச்சர் அண்ணனைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுக் கதவெல்லாம் அவர் கைதான். வந்தவர் ஃபெவிகால் டப்பாவையும் ஆணியையும்தான் எடுத்தார். "அண்ணே, ஆணி வேண்டாம், பழைய வச்சிரம் கிடைக்குமா?" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "வச்சிரமா? எங்கப்பா காலத்துல காய்ச்சுனதும்மா." வச்சிரம் என்றால் மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கும் பசை. அதில் ஒரு வசதி, நாளைக்கு மறுபடி கழற்ற வேண்டுமென்றால் வெந்நீரும் சூடும் பட்டால் இளகிக்கொடுக்கும். ஃபெவிகால் போட்டு இறுகிவிட்டால் பிறகு மரம் உடையாமல் கழற்றுவது கஷ்டம்.

நாற்காலியைத் திருப்பி நிமிர்த்தி வைத்துவிட்டு, உட்காரும் பலகையில் கால்களின் தலை தெரியும் இடத்தை அவர் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். வட்டமான கால் தலையின் நடுவே ஒரு கோடு, அதில் அடித்த ஆப்பு. நாலு காலிலும் ஆப்பு ஒரே திசையில், பலகையின் ரேகைக்குக் குறுக்காக. "பாத்தியாம்மா, ரேகையோட அடிச்சிருந்தா பலக ரெண்டா பொளந்துருக்கும். குறுக்க அடிச்சிருக்கான். மம்முட்டிக் காம்புக்கு எங்க தாத்தா இப்படித்தான் பாத்துப் பாத்து அடிப்பாரு. யாரும்மா செஞ்சது இது?" என்றார். அமெரிக்காவில், இருநூறு வருடத்துக்கு முன்னால், பெயர் தெரியவில்லை என்றேன். "பேரு எதுக்கு, வேல தெரிஞ்சவன்" என்று சொல்லிவிட்டு ஆணி டப்பாவைத் தானே மூடிவைத்தார். இரண்டு நாள் கழித்து எங்கேயோ தேடி வச்சிரக் கட்டி வாங்கிவந்து, எங்கள் வீட்டு அடுப்பிலேயே வெந்நீருக்குள் கிண்ணம் வைத்து உருக்கி ஒட்டினார். வீடே நாறியது, அம்மா இரண்டு நாள் பேசவில்லை. முந்நூறு ரூபாய்தான் வாங்கினார், நான் ஐந்நூறாகக் கொடுத்தேன். நாற்காலியை ஹாலுக்கு மாற்றிவிட்டேன், அதன்பிறகு ஐப்பசி கார்த்திகை மழையெல்லாம் தாண்டி இன்றுவரை ஒரு முனகல் இல்லை.

உட்காருவதற்கு எப்படி? அப்பாவுக்கு 74 வயது, முதுகுவலிக்காரர். மெத்தை இல்லாத மரப்பலகையைப் பார்த்து முதல்நாள் முகம் சுளித்தார். இப்போது காலைப் பேப்பர் முழுவதும் அதில்தான். குடைந்த பள்ளம் உடம்பைத் தாங்கிக்கொள்கிறது, சாய்ந்தால் குச்சிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கொஞ்சம் பின்வாங்கிக் கொடுக்கின்றன. கை வைக்க இடமில்லை என்பதால் எழுந்திருக்கும்போது மேசையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, வயதானவர்களுக்கு வாங்குகிறவர்கள் கை வைத்த விண்ட்சர் கிடைத்தால் அதைப் பாருங்கள். இன்னொரு பிரச்சினை, அப்பா பின்னங்கால் இரண்டில் நின்று ஆடுகிறார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. அமெரிக்காவில் ஷேக்கர் என்ற துறவு சமூகத்தினர் நாற்காலிக்குப் பேர்போனவர்கள், அவர்கள் ஆட்களும் இப்படி ஆடியிருக்க வேண்டும், ஏனென்றால் பின்னங்கால் நுனியில் சாய்ந்தால் திரும்பிக்கொடுக்கும் உருண்டைக் குமிழ் பொருத்தி, 1852-ல் அதற்குக் காப்புரிமையே வாங்கியிருக்கிறார்கள். நான் இருபது ரூபாய் ரப்பர் புஷ் போட்டிருக்கிறேன், டைல்ஸில் வழுக்காமல் இருக்கிறது.

நம் ஊரில் இந்த மரங்களுக்கு ஒரே பயம் பூச்சி. ஆஷ், ஹிக்கரி இரண்டுமே மரத்தூள் வண்டுக்குப் பிடித்த சாப்பாடு, தேக்கு மாதிரி தன்னைத் தானே காத்துக்கொள்ளாது. குண்டூசித் துளையும் அதன் கீழே மாவு போன்ற தூளும் புதிதாகத் தெரிந்தால் வாங்காதீர்கள், ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற சாமானுக்கும் பரவும். பழைய துளை, தூள் இல்லை என்றால் பயமில்லை. வாங்கிய பிறகு உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தண்ணீர், வார்னிஷ், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

அந்தக் கொட்டகையில் ஏணிபோலப் பட்டை வைத்த முதுகுடைய நாற்காலி ஒன்று இன்னும் கிடக்கிறது, போன வாரம் அந்தப் பக்கம் போனபோதும் பார்த்தேன். தூண்களின் மேல்பாதியை முன்பக்கம் தட்டையாகச் சீவி, முயல் காது மாதிரி பின்னால் வளைத்திருக்கிறார்கள். அப்பலாச்சிய மலைப்பக்கத்து வேலை என்று நினைக்கிறேன், அங்கே இதைக் கோவேறு கழுதைக் காது என்பார்கள். அதில் பசையே இருக்காது. ஈரம் முழுசாகப் போகாத தூணில் துளை போட்டு, எலும்பு மாதிரி உலர்ந்த குறுக்குக் கம்பைச் செருகிவிடுவார்கள், தூண் காயக் காயக் கம்பைக் கவ்விக்கொள்ளும். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்களே, அந்தப் பிடிதான், சூடு இல்லாமல். இருக்கையில் ஹிக்கரிப் பட்டையோ ஓக் சிம்போ பின்னியிருந்திருக்கும், இப்போது பச்சை பிளாஸ்டிக் ஒயர். பனைநார்க் கட்டில் பின்னத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அரை நாளில் அருமையாகப் பின்னிக் கொடுத்துவிடுவார். ஒன்பதாயிரம் சொல்கிறார், ஆறுக்கு இறங்குவார். எனக்கு வீட்டில் இடமில்லை. யாராவது போனால் முதலில் கடைக்காரரிடம் சொல்லுங்கள், அதற்குப் பாலிஷ் அடிக்க வேண்டாம் என்று.